மடிப்பு

விருதுநகரில் கிளம்பும்போது
ஒன்பது நூறு டாலர் தாள்களை
நாலாய் மடித்து
பாவாடை நாடாவோரம் தைத்த பைக்குள் வைத்தேன்.
மதுரை, சென்னை, கொல்கத்தா, யாங்கோன்,
இறங்கிய இடத்திலெல்லாம்
தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.
திருடனுக்குப் பயந்த மடிப்பு அது.
மடிப்பே திருடும் என்று
யாரும் சொல்லி அனுப்பவில்லை.

ஷ்வே போந்தா தெரு.
கம்பி வலைக்கு அந்தப் பக்கம்
கன்னத்தில் தனக்கா பூசிய பெண்.
முதல் தாளை விளக்குக்கு நேரே பிடித்தாள்.
மடிப்பின் மேல் நகத்தை ஓட்டினாள்.
முகம் மாறவே இல்லை,
தாளை மட்டும் என் பக்கம் தள்ளினாள்.
இரண்டாவது. தள்ளினாள்.
மூன்றாவதின் ஓரத்தில் யாரோ வைத்த
நீல மைப் புள்ளி. அதற்கு மட்டும்
உச்சுக்கொட்டினாள்.
ஒன்பதில் ஒன்றும் தேறவில்லை.

அவள் மேசையில் கிடந்த பணத்தையும் பார்த்தேன்
(எழுதுவது கியாட், வாயில் வருவது சாட்).
மீன் விற்ற ஈரம், வெற்றிலைக் கறை,
இரண்டாய்க் கிழிந்து டேப்பில் ஒட்டியது,
துவைத்துத் துவைத்து நைந்த கைக்குட்டை மாதிரி.
அதை எவரும் விளக்குக்குப் பிடிப்பதில்லை.
உள்ளூர்ப் பணம் எப்படியும் இருக்கலாம்,
வந்த பணம்தான் கசங்காமல் வரவேண்டும்.

முனையில் ஒரு ஏடிஎம்.
அட்டையைப் போட்டேன், யோசித்தது,
மன்னிக்கவும் என்றது, இன்னொரு முறை
மன்னிக்கவும் என்றது.
ராத்திரி விடுதிக்குப் போன் போட்டார் வீட்டுக்காரர்:
"எவனோ பர்மாவில் உன் அட்டையைத் தேய்க்கிறான்,
இங்கே மெசேஜ் வந்தது.
நல்லவேளை, பேங்க்கில் சொல்லிப் பூட்டிட்டேன்."
"நான் எங்கே இருக்கேன்?" என்று கேட்டேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
கடல்தான் கேட்டது, அல்லது
கம்பி இரைச்சல்.

விடுதியில் துணி தேய்க்கிற பையன்
செய்தித்தாளை விரித்து, நடுவில் டாலரை வைத்து,
வேட்டிக்குப் போடுகிற சூட்டில்
ஒன்பதையும் தேய்த்துக் கொடுத்தான்.
பளபளவென்று இருந்தன.
காலையில் அதே பெண், அதே விளக்கு.
ஐந்தை எடுத்துக்கொண்டாள்.
நாலில் சிலுவை மாதிரி
இன்னும் நின்றது கோடு.
துணி மறக்கும். காகிதம் மறக்காது போல.

நான் வந்த வேலையைச் சொல்லவில்லையே.
உளுந்து பார்க்க வந்தேன்.
பயின்னாங் மண்டியில், மலையப்பன் கிட்டங்கியில்,
குத்தூசியை மூட்டையில் செருகி
உள்ளங்கையில் கொட்டி
ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன்.
ஈரம் பதினொன்று. கல் இல்லை. வண்டு இல்லை.
சுருங்கிய மணி மட்டும்
நகத்தால் ஒதுக்க ஒதுக்க வந்துகொண்டே இருந்தது.
மூன்று விழுக்காடு வரை எங்கள் கம்பெனி பொறுக்கும்.
இது நாலரை.

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன்.
வெளிச்சம், நகம்,
மாறாத முகம்கூட இருந்திருக்கும்.
மலையப்பன் எதிரில் நின்றார்
கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நான் நின்ற மாதிரி.

நாலரை என்றே எழுதினேன்.
மூட்டைக்கு விலை குறையும் என்றேன்.
"மழை தப்பிப் போச்சு, மணி என்ன செய்யும்"
என்றார், என்னிடம் இல்லை, மூட்டையிடம்.

டீ வந்தது. பாலாடை மிதக்கிற பர்மா டீ.
எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை,
நாலு டாலர் தாளையும் மேசையில் வைத்தேன்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
விளக்குக்குப் பிடிக்கவில்லை.
"சுருக்கத்துக்கு நீ எவ்வளவு பிடிச்சே?"
சொன்னேன்.
அதே கணக்கில் பிடித்துக்கொண்டு
சணல் கயிறு கட்டிய கட்டை அவிழ்த்தார்.

எச்சில் தொட்டு எண்ணிக் கொடுத்தார்.
நான் இன்னொரு முறை எண்ணினேன்.
ஒரு தாள் கூடுதல் இருந்தது.
திருப்பி நீட்டினேன்.
"ஒட்டியிருக்கு, பிரிச்சுப் பாரு" என்றார்.
பிரித்தேன். ஒன்றுதான், நடுவில் டேப்.