தள்ளும் திசை

ஃபோர்ட் கென்ட்டில் ஜனவரி.
ஆற்றுக்கு அக்கரை கனடா.
இக்கரையில் ஓடில் நாடோவின் நிலவறையில்
நான், ஒரு டார்ச், முழங்காலுக்கடியில் மடித்த கோணி.

மாடி ரேடியேட்டர் ராத்திரியெல்லாம்
வாய் கொப்பளிக்கிறது என்றாள்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்; நாலரைக்கு எழ வேண்டும்.
காற்றைத் திறந்துவிடும் குட்டிச் சாவி
வீட்டுச் சாவியோடு ஒரே வளையத்தில்.
ஞாயிறுதோறும் திருகுவாள்.
புஸ்ஸென்று காற்று, பிறகு கறுத்த தண்ணீர் இரண்டு சொட்டு.
செவ்வாய்க்கிழமை மறுபடி கொப்பளிப்பு.

எனக்கு முன் இரண்டு பேர் வந்து போயிருக்கிறார்கள்.
ஒருவர் பெரிய பம்ப் போட்டார்; சத்தமும் பெரிதானது.
அடுத்தவர் விரிவுத் தொட்டியை மாற்றினார்.
ரசீதில் கையெழுத்து மட்டும் அழகு.

பம்ப்புக்கு முன்னால் இருந்த வடிகால் வால்வில்
என் அழுத்தமானியைத் திருகினேன்.
பம்ப் நிற்கையில் முள் பன்னிரண்டில்.
ஓடத் தொடங்கியதும்
ஆறுக்குச் சரிந்தது.

அவ்வளவுதான் விஷயம்.
தொட்டி வந்து குழாயைத் தொடுகிற இடம்
ஓடினாலும் நின்றாலும் மாறாத இடம்.
அதைப் பார்த்துத் தள்ளுகிற பம்ப்
தன் முதுகுக்குப் பின்னால் வீட்டையே உறிஞ்சுகிறது.
மாடிக்கு ஏறுவதற்குள் அழுத்தம் தீர்ந்துபோய்
தண்ணீர் போக மீந்த இடத்தில்
காற்று, கேட்காமல், உள்ளே.
பம்ப்பில் பழுதில்லை. தொட்டியில் பழுதில்லை.
இருக்கிற இடம்தான்.

ஓடில் படிக்கட்டில் காப்பிக் கோப்பையோடு:
"எந்த மடையன் இதை அங்கே வச்சான்?"

டார்ச்சைக் குழாயோரம் சாய்த்தேன்.
இணைப்பின் அடியில் வழிந்து உறைந்த ஈயத் துளி,
இடது பக்கம் கொஞ்சம் கொழுத்து.
கம்பியில் தொங்கிய தகரச் சீட்டில்
ஆர்.டி., நவம்பர் 1991.

வீடு கைமாறி, நிறம் மாறி, வாசல் மாறிவிட்டது.
ஈயத் துளி மாறவில்லை.

"அப்போதைய பம்ப்புகள் சூடு தாங்காது.
ஆறித் திரும்பும் குழாயில்தான் எல்லாரும்..."
வைத்தார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.
வைத்தோம் என்று வந்தது.

அவள் கோப்பையைப் படியில் வைத்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே முப்பதுக்குக் கீழே;
தண்ணீரை வடித்து, அறுத்து, தேய்த்து,
பற்றவைத்து, மறுபடி நிரப்ப மூன்று மணி நேரம்.
தொட்டிக்கு அடுத்து, சூடு புறப்படுகிற குழாயில்,
தொட்டிக்கு முதுகு காட்டி நின்றது பம்ப்.
ஓடவிட்டேன்.
முள் பன்னிரண்டை விட்டு நகரவில்லை.
மாடியில் சாவியைத் திருகியவள் கத்தினாள்:
முகத்தில் தண்ணீர்.

பில்லில் கூலிக்கு நேரே கோடு போட்டேன்.
என் பேனாவையே வாங்கி
அதன் மேல் பாதித் தொகையை எழுதினாள்.
"மீதி 1991க்கு, ரெஷி" என்றாள்.

வேனில் ஏறினேன்.
கண்ணாடியில் பனி இளக நேரமானது.
அந்த நவம்பரில் இதே சாலையில்
இன்னும் நாலு வீடு செய்தேன்.
நாலிலும் புகை போகிறது, நேராக.
முதல் வீட்டில் மாடி விளக்கு எரிகிறது.
யாரோ விழித்திருக்கிறார்கள்.