சாரம் பிரிக்காத கட்டடம்

திருவாரூரில் இரவு பதினொன்று.
இன்வெர்ட்டர் மூன்றாம் முறை முனகுகிறது.
இன்குபேட்டருக்குள் முப்பத்தேழு டிகிரியில்
ஒரு நாயின் சிறுநீரகம்
தூங்காமல் வளர்ந்துகொண்டிருக்கிறது.

நாய் செத்தது ஐம்பத்தெட்டில்.
அதை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று
எந்தக் கட்டுரையிலும் நான் பார்க்கவில்லை.
செல்களுக்கு மட்டும் நான்கு எழுத்தில் ஒரு பெயர்.
பெட்டை நாயாம். அதனால்
சபூரா தட்டை வெளியே எடுக்கும்போதெல்லாம்
"வாங்கடி, சாப்பிட" என்பாள்.

தரையில் அவை ஒன்றையொன்று தேடித் தொட்டு
தோளோடு தோள் நெருக்கி
ஒற்றைச் செல் தடிப்பில் ஒரு தோலாகும்.
மேலே ஓர் உலகம். கீழே ஓர் உலகம்.
இரண்டு தோள்களுக்கு நடுவே உள்ள இடுக்கில்
என் ஆறு வருடம்.

இடுக்கின் உட்புறம் ஒரு புரதம்.
சவ்வில் இருப்பதை ஒரு கையால், உள்நாரை மறு கையால்
இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும்.
தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் கேட்டபோது
சாரப் புரதம் என்று எழுதிக் கொடுத்தேன்.
வழிகாட்டி சிவப்பு மையில் கேட்டிருந்தார்:
பிழிந்தெடுத்த சாரமா?
இல்லை சார். கட்டுகிற சாரம்.

சன்னலுக்கு வெளியே அது நிற்கிறது.
குடமுழுக்குக்குத் தயாராகும் சின்னக் கோபுரம்,
அதைச் சுற்றி வேதாரண்யத்துச் சவுக்குக் கம்பு, கயிற்று முடிச்சு.
பெயின்ட் காய்ந்ததும் இருதயசாமியின் ஆட்கள்
மேலிருந்து அவிழ்த்துக்கொண்டே இறங்குவார்கள்.
கம்பு லாரியேறும். கோபுரம் நிற்கும்.

இங்கே அப்படி இல்லை.
இங்கே சாரத்தைப் பிரித்தால்
பிரித்ததுதான் கட்டடம்.

அதற்கு இரண்டு வடிவம்.
ஒரே ஜீன்; வெட்டி ஒட்டும்போது
ஒரு துண்டு சேர்ந்தால் நெட்டை, விட்டுப்போனால் குட்டை.
ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சத்தில்
எண்பது அமினோ அமிலம் வித்தியாசம்.
ஜெல்லில் மேலே ஒரு கோடு, அதன் காலடியில் ஒரு கோடு,
நடுவே நகக்கண் அளவு வெளிச்சம்.
அந்த வெளிச்சத்தைப் பார்க்க எனக்கு
இருபத்துமூன்று ஜெல் ஆனது.

குட்டையை ஊனம் என்றுதான் தொடங்கினேன்.
பிறகு படித்தேன்: எந்தச் சுவர்
திறந்து மூடவேண்டிய சுவரோ
அங்கே குட்டைதான் வேலையில் இருக்கிறது.
எலியின் கருவிலும் முதலில் வருவது அதுவே.
நெட்டை தாமதமாக வரும்.
அது ஓரத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான்
கசிவு நின்று
உள்ளே முதல் நீர் தேங்கும்.

தலைஞாயிற்றிலிருந்து அண்ணி போன்.
மேட்டூர் திறந்து முப்பத்தோரு நாள்,
வாய்க்காலில் இன்னும் நண்டு ஓடுகிறது,
பக்கத்து இறால் குட்டையிலிருந்து
கொல்லைக்குள் உப்பு இறங்குகிறது.
"நீ கசிவுதானே படிக்கிற?"
ஆமாம் அண்ணி. வேற கசிவு.
வரப்பு என்று எழுதிவிடாதே என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
வரப்பு போட்டவனுக்குத் தெரியும் எந்தப் பக்கம் வயல் என்று.
இவளுங்களுக்கு யார் சொன்னது?

இன்று ராத்திரி நெட்டையை மட்டும் அடக்கிய தட்டு.
இரண்டு கம்பியை இறக்கி மின்தடையைப் பார்க்க வேண்டும்.
நேற்று இருநூற்றுப் பத்து ஓம்.
விழும் என்று ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயத்தில்
ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறேன்.

இருநூற்று நாலு.

கம்பியைத் துடைத்து மறுபடி.
இருநூற்று நாலு.
சபூரா எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
டப்பாவிலிருந்து ஒரு வாடாவை எடுத்து
என் பக்கம் தள்ளினாள்.

விழவில்லை என்று பென்சிலில் எழுதினேன்.
அத்தியாயம் போயிற்று.
குட்டை அங்கே
யாரும் கேட்காமலே முழுச் சுவரையும்
தாங்கிக்கொண்டிருக்கிறது. அல்லது
வேறு எதுவோ. தெரியாது.

விடிந்ததும் சாரத்தில் முதல் முடிச்சு அவிழ்ந்தது.
கம்பு உருவிய ஓட்டைகளில்
பூசுகிறவன் வருவதற்குள்
புறா புகுந்துவிட்டது.