ஐந்தாம் திகதி

சீட்டுக் காசு ஒரு லட்சத்து எழுபத்தையாயிரம்
கைக்கு வந்த இரவு
நிரோஜினி அதை இரண்டு தரம் எண்ணினாள்.
நான் எண்ணவில்லை.
எண்ணினால் முடிவெடுக்க வேண்டும்.

மேசையில் இரண்டு துண்டு.
ஒன்று, கோண்டாவில் புஷ்பகாந்தி அக்கா:
முதல் ஒன்று எழுபது, நூற்றுக்கு மூன்று வட்டி.
ருமேனியாவுக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்சிக்காரன்
அந்தக் காசோடு எந்த நாட்டில் இறங்கினானோ,
நான் கஸ்தூரியார் வீதியைத் தாண்டவில்லை.
மற்றது, வெள்ளவத்தையில் ஆறு கிழமைப் படிப்பு.
மைக்ரோஸ்கோப்பின் கீழ் செத்த போனுக்கு உயிர் குடுக்கிற வேலை.
ஒன்று நாற்பத்தைந்து. அறையும் சாப்பாடும் தனி.

"கடனைக் கட்டினா நித்திரை வரும்," என்றாள்.
"படிச்சா?"
"ஆறு கிழமைக்கு நித்திரையே இல்லை.
உங்களுக்கு எது வேணும் எண்டு சொல்லுங்கோ."

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் பார்த்தேன்.
டிஸ்பிளே மாற்றுவேன், பற்றரி மாற்றுவேன்,
போட் பழுதென்றால் கை நின்றுவிடும்.
மாதம் ஆறு போன்
பஞ்சுத்தாளில் சுற்றி இரவு பஸ்ஸில் கொழும்பு போகும்.
வாடிக்கையாளர் தருவது ஒன்பதாயிரம்,
கொழும்பு எடுப்பது ஆறரை,
பார்சல் நானூறு,
மிச்சத்தில் பாதி முதலாளிக்கு.
தபால்காரனுக்காவது பென்சன் உண்டு.

வட்டி மாதம் ஐயாயிரத்து நூறு.
அது ஐந்தாம் திகதி ஸ்கூட்டியில் வரும்,
எஞ்சினை நிறுத்தாது,
ஹெல்மெட்டைக் கழற்றாது.
தெரியாத வேலைக்கு நான் கட்டுகிற வட்டி
எந்தக் கேற்றிலும் வந்து நிற்பதில்லை.

ஐந்தாம் திகதிக்கு இன்னும் எட்டு நாள் இருக்க
புஷ்பகாந்தி அக்கா கடைக்கே வந்தார்.
போன் கிணற்றுக்குள் விழுந்ததாம்.
"அரிசிக்குள்ள மூண்டு நாள் வச்சனான் தம்பி.
என்ர கணக்கெல்லாம் இதுக்குள்ளதான்.
ஆர் ஆர், எவ்வளவு, எந்த மாதம் வரைக்கும்.
கொப்பியில எழுதினா மகன் பாத்திடுவான்."

பின்பக்கத்தைச் சூடாக்கித் திறந்தேன்.
பச்சை பூத்திருந்தது.
அந்தப் பச்சைக்குக் கீழே எங்கோ
என் பெயரும் படுத்திருந்தது.

இது இனிச் சரிவராது அக்கா என்று சொல்லியிருக்கலாம்.
அது பொய்யா இல்லையா என்று அறியக்கூட
என்னிடம் படிப்பு இல்லை.

வாய் தன்பாட்டில் சொன்னது:
"என்ர ஒண்டு எழுபது அக்கா,
வட்டி இந்த மாதம் வரைக்கும் கட்டியாச்சு."
"அது எனக்குத் தெரியும்," ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல்.
"மற்ற இருபது பேரும் சொல்லுவினமோ?"

பிறகு,
"கொழும்பில எவ்வளவு?"
"ஒன்பது."
"நீ செய்யேலாதோ?"

ஃபேன் சுற்றியது.
முதலாளி தொண்டையைச் செருமினார்.
வெள்ளவத்தையைப் பற்றிச் சொன்னேன்,
ஆறு கிழமை, ஒன்று நாற்பத்தைந்து, எல்லாம்.
முழுதையும் கேட்டார்.
"படி. ஆர் வேண்டாம் எண்டது?
ஐஞ்சாம் திகதி ஐஞ்சாம் திகதிதான்."

இரண்டு மாத வட்டியை எண்ணி அலுமாரியில் வைத்தேன்.
படிப்புக் காசு போக மிச்சம்
பத்தொன்பதாயிரத்து எண்ணூறு.
வெள்ளவத்தையில் ஆறு கிழமைக்கு அது காணாது.
நிரோஜினியின் கை காதுக்குப் போனது.
நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.
பிறகு பார்த்தேன்.

ஞாயிறு இரவு பஸ்.
மடியில் புஷ்பகாந்தி அக்காவின் போன்,
பார்சல் காசு நானூறு மிச்சம்.
கொடிகாமம் தாண்ட, சார்ஜர் ஓட்டைக்குள்
ஏதோ விரலில் தட்டுப்பட்டது.
ஊசியால் நெம்பினேன்.
ஒரு அரிசி.

அதுக்குப் படிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை.
மற்றதுக்கெல்லாம்
கொழும்பில் விடிய வேண்டும்.