மூன்றாம் கிளாரினெட்

நவம்பர் இருபத்தொன்று. அரைப்பரீட்சை அட்டவணை வந்தாயிற்று.
வேதியியல் கூடத்து மேசையில், பியூரெட் தாங்கிகளுக்கு நடுவே
பதினேழு பாட்டுத் தாள்களைப் பரப்பி வைத்திருக்கிறேன்.
கிறிஸ்மஸ் கச்சேரிக்கு ஆறு போதும்.
வெளியே பாளையங்கோட்டை மழை
தகரக் கூரை முழுக்க சைட் டிரம் அடிக்கிறது,
யாரும் கேட்காமலே.

முதலில் கழித்தல்.
உச்சத்துக்கு ஏறுகிற எதுவும் வேண்டாம்;
முதல் டிரம்பெட் ஆக்னஸுக்குப் பல்லில் கம்பி கட்டியிருக்கிறது.
மூச்சுவிட இடம் தராததும் வேண்டாம்;
டியூபா ஊதுகிற தவசுமுத்து அண்ணாச்சிக்கு
நெஞ்சில் போன வைகாசியில் ஸ்டென்ட் வைத்தார்கள்.
"ஒண்ணுஞ் செய்யாது டீச்சர், முப்பது வருசம் கரண்டுக் கம்பத்துல ஏறுனவன்"
என்கிறார்.
அவருக்குத் தெரியாமல்
அவர் தாளில் ஓய்வுக் குறிகளை எண்ணுகிறேன்.

மெதுவானதில்தான் ஆபத்து.
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கிற ஊர்க்காரர் ஏழு பேரும்
சாவு வீட்டுக்கு வாசிக்கிறவர்கள்.
நிதானமாக ஒரு மெட்டைக் கையில் கொடுத்தால்
இரண்டாம் வரிக்குள் பெட்டியைத் தூக்கிவிடுவார்கள்.
போன வருசம் அப்படித்தான்,
பாலன் பிறந்த பாட்டுக்கு
முன்வரிசையில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்.

பனிவண்டிப் பாட்டு ஒன்று இருக்கிறது.
தாளில் குதிரைச் சலங்கை என்று போட்டிருக்கிறது.
சீவலப்பேரியிலிருந்து வருகிற இசக்கிராஜா
கிடாக் கழுத்து மணி நாலைச் சணலில் கோத்துக் கொண்டுவந்தான்.
நாலும் நாலு சுரம். ஒன்றும் எங்கள் சுரமில்லை.
"பனியில வண்டி எப்படி டீச்சர் போவும்?"
சறுக்கிக்கிட்டு, என்றேன்.
அவன் குலுக்கினான்.
கிடா ஒன்று வழுக்கி விழுந்து எழுந்து ஓடியது.
அதை எடுத்துவைத்துக்கொண்டேன்.

தாளாளருக்கு முழக்கமாக ஒன்று, கலெக்டர் வருகிற நேரத்துக்கு.
முழக்கம் சுலபம்.
எல்லாரும் ஒரே சமயத்தில் தப்பு செய்தால் போதும்.

இப்படியாக ஐந்து.

ஆறாவதும் முடிவு செய்துதான் வைத்திருந்தேன்.
ஒத்திகை முடிந்து ரீடைத் துடைத்துக்கொண்டிருந்த சபூரா,
மேலப்பாளையத்துப் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு,
மூன்றாம் கிளாரினெட் இருவரில் ஒருத்தி,
மேசையில் கிடந்த ஒரு தாளைத் தொட்டுக் கேட்டாள்:
"போன வருசம் வாசிச்சோமே டீச்சர்,
இதோட மெட்டு எது?"

குறை சொல்கிற குரலே இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அவளுடைய பக்கத்தை எடுத்துப் பார்த்தேன்.
முப்பத்திரண்டு கட்டத்துக்கு ஒரே சுரம்.
நடுவில் ஒரே ஒரு தடவை அரைச்சுரம் இறங்கித்
திரும்பி வந்துவிடுகிறது,
வாசல்வரை போய் எட்டிப் பார்த்தவள் மாதிரி.

அன்றைக்கு ராத்திரி மிச்சப் பன்னிரண்டையும்
அடியிலிருந்து மேலே படித்தேன்.
முதல் டிரம்பெட்டைப் பார்த்துப் பாட்டு எடுக்கிறவர்கள் நாங்கள்;
இருபது வருசமாக நானும் அப்படித்தான்.
பதினோரு பாட்டில் அவளுக்கு ஒன்றுமில்லை.
பன்னிரண்டாவதில், கடைசிக்கு முந்திய பக்கத்தில்,
எட்டுக் கட்டம்.
கீழ் ஸ்தாயியில், அந்தக் கறுப்பு மரம் கனத்துப் பேசுகிற இடத்தில்,
மெட்டு மொத்தமும் மூன்றாம் கிளாரினெட்டிடம்.
பாட்டு சுமார்தான். முடிவு இழுவை.
தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

முருகன்குறிச்சி ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை.
ஆளுக்கொரு தாளாகக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
அந்த எட்டுக் கட்டத்துக்கு மேல்
டிரம்பெட்டுக்கு, டிராம்போனுக்கு, அண்ணாச்சிக்கும்
சிவப்பு மையில்: மெல்ல.
பெரிய டிரம்முக்கு: இன்னும் மெல்ல.
சபூராவுக்கு நாலாவது கட்டம் தாண்டி
ஒரு மூச்சுக்குறி மட்டும்.
இசக்கிராஜாவுக்குத் தனியாக:
மணியை மடியில் வை. நாக்கைப் பிடித்துக்கொள்.