சுழி பார்த்தல்

ஆரியங்காவு ஷிஜுவின் கொட்டகையில்
இரண்டு நிற்கின்றன.

ஒன்று டூரிங்.
கொழுத்த உடம்பு, தாழ்ந்த முதுகு,
விலாவுக்கு ஒன்றாய் இரண்டு பெட்டி,
முகத்துக்கு முன்னால் கண்ணாடி.
மற்றது அட்வென்ச்சர்.
ஒட்டகக் கால், கம்பிச் சக்கரம்,
வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே
ஒரு கோழி தலை குனிந்து போகலாம்.

கோழி எனக்குத் தெரியும்.
புளியரை கால்நடைச் சோதனைச் சாவடியில்
பதினோரு வருடம்.
தார்ப்பாயைத் தூக்கிக்
கொம்பெண்ணி, கூண்டெண்ணி,
முத்திரை குத்தி மேற்கே அனுப்புகிறவள்.
எருமை போயிருக்கிறது, கிடா போயிருக்கிறது,
நாமக்கல் முட்டைகூட என்னைத் தாண்டிப் போயிருக்கிறது.
எஸ் வளைவுக்கு அப்பால்
நான் போனதெல்லாம் பஸ்ஸில்,
ஜன்னலைச் சாத்திக்கொண்டு.

"சேச்சிக்கு எங்கோட்டுப் போகணும்?"
அது தெரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுமே.
டூரிங், பதில் தெரிந்தவர்களுக்கு:
இன்ன தேதி, இன்ன ஊர்,
ஆறு மணிக்கு இன்ன லாட்ஜில் வெந்நீர்.
மற்றதற்கு
ரோடு முடிகிற இடத்தில்தான் கண்ணே திறக்குமாம்.
ரோடு முடிகிற இடம் எனக்குத் தெரியும்.
சாவடிக்குப் பின்னால்,
கக்கூஸ் தாண்டி.

பார்த்தேன், எனக்குத் தெரிந்த விதத்தில்.
டயரில் பல் பிடித்து வயசு கணித்தேன்.
டேங்கைத் தட்டினேன், முழங்கால் தடவினேன்,
சுழி தேடினேன்.
டூரிங்கின் வலது விலாவில்
பெயின்ட் பூசி மறைத்த தழும்பு.
"விழுந்ததா?"
"சாய்ஞ்சது" என்றான்.
சந்தைத் தரகர்களும் இப்படித்தான் சொல்வார்கள்.

கழுதுருட்டி வரை டூரிங்.
குறையொன்றும் இல்லை.
பதின்மூணு கண் பாலம் பக்கத்தில் வந்தது, போனது.
கண்ணாடிக்குப் பின்னால்
சாரல் யாருக்கோ பெய்தது.
பின் சீட் எத்தனை அகலம் என்பது
திரும்பிப் பார்க்காமலே
தெரிந்துகொண்டே இருந்தது.

மற்றதில் கால் எட்டவில்லை.
இடது பெருவிரல் மட்டும் பூமியில்.
அந்தரத்தில் உட்கார்ந்தபடி
ரப்பர்த் தோட்டத்துச் செம்மண்ணில் ஏற்றினேன்.
ஏறியது!
ஓடை குறுக்கிட்டது, குதித்தது,
எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது.
நிறுத்திக் காலூன்றிய இடத்தில்
தரை ஒரு சாண் கீழே இருந்தது.

விழவில்லை.
சாய்ந்தது.

இருநூறு கிலோ. சுற்றி ஒருத்தரும் இல்லை,
சிரட்டைகளில் பால் சொட்டுவதைத் தவிர.
ஓர் அட்டை மட்டும்
அவசரமில்லாமல் என் கணுக்காலில் ஏறியது.

படுத்த மாட்டை
முன்னால் நின்று இழுக்கிறவன் மடையன்.
மாடு பின்னங்காலைத்தான் முதலில் ஊன்றும்.
வண்டிக்கு முதுகு காட்டினேன்.
சீட்டில் இடுப்பை முட்டுக் கொடுத்து,
ஹேண்டில்பாரை மடக்கிப் பிடித்து,
மூச்சைத் தொடைக்கு இறக்கிச்
சின்னச் சின்ன அடியாய்ப் பின்னால் நடந்தேன்.
இந்தா, இந்தா, என்று அதட்டியதாகவும் ஞாபகம்.

எழுந்தது.
இரைத்தது எனக்குத்தான்.

சேறும் வளைந்த லிவருமாய்த் திரும்பியவளை
ஷிஜு மேலும் கீழும் பார்த்தான்.
"சேச்சிக்கு டூரிங் மதி" என்றான், ரொம்ப மரியாதையாக.
அட்டையைப் பிய்த்துப் போட்டேன்.
ரத்தம் நிற்கவில்லை, பரவாயில்லை.

மழைக்கோட்டைக் கழற்றி
அவன் வலது கைமேல் போர்த்தினேன்.
உள்ளே துழாவி
ஒரு விரலைப் பிடித்தேன். விட்டேன்.
பிறகு மூன்றைச் சேர்த்து ஓர் அழுத்து.
கூச்சத்தில் நெளிந்தான் பையன்,
காது மடல் சிவக்க.
"இது எந்தா சேச்சி?"

விலை, என்றேன்.
லிவருக்குக் கழித்தது போக.