பரிவு நரம்பு

சத்துவாச்சாரி தாண்டி சர்வீஸ் ரோட்டில்
எடை மேடையில் இரவு வேலை எனக்கு.
லாரி ஏறும், சிவப்பு எண் ஓடி நிற்கும்,
எழுதிக் கிழித்துக் கொடுப்பேன்.
பதினோரு வருஷம்.

ஒருநாள் சும்மா உட்கார்ந்திருக்கையில் வந்தது.
எதிரே பாம்பில்லை, போலீஸ் இல்லை,
ஒரு டீ கிளாஸும் பாதி பிஸ்கட்டும்தான்.
நெஞ்சு மட்டும் தகரக் கூரையில் ஆலங்கட்டி.
பின்மண்டை வெடிக்க, விரல்நுனி வெளுக்க,
சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தேறும்.
கால் மணி நேரம்.
பிறகு பார்த்தால் பிஸ்கட் அப்படியே இருந்தது.

வாரத்துக்கு இரண்டு, அப்புறம் நாளுக்கு மூன்று.
குனிந்து செருப்பு மாட்டினாலே வரும்.
வள்ளிமலையில் மந்திரித்துக் கயிறு கட்டினாள் அமுதவல்லி.
முதலாளி கோதண்டபாணி
கணக்கு நோட்டை முதலிலிருந்து புரட்டினார்:
"கை வைக்காதவனுக்கு எதுக்குய்யா இப்படி வேர்க்குது?"
பதில் சொல்ல வாயெடுத்தேன்.
வேர்த்தது.

ஆஸ்பத்திரியில் ஐந்து லிட்டர் கேன் கொடுத்தார்கள்,
அடியில் கொஞ்சம் ஆசிட்.
ஒரு பகல் ஓர் இரவு மூத்திரம் முழுக்க அதில்.
மடியில் வைத்து டவுன் பஸ்ஸில் கொண்டுபோனேன்.
"என்னண்ணே, தேனா?" என்றான் கண்டக்டர்.
பயம் என்று சொல்லியிருக்கலாம்.
அப்போது எனக்கே தெரியாது.

டாக்டர் எப்சிபா சீட்டின் பின்பக்கம் வரைந்தார்:
சிறுநீரகம், அதன் தலையில் கோணலாய் ஒரு குல்லா,
குல்லாவுக்குள் எலுமிச்சம்பழ அளவில் கட்டி.
ஆபத்து வந்தால் ஓட, இல்லை எதிர்த்து நிற்க
அட்ரீனலின் கொஞ்சம் திறந்துவிடுகிற குழாய்,
பழுதாகி அது பாட்டுக்குத் திறந்துகொள்கிறது.
"இது பரிவு நரம்பு மண்டலத்தோட சேர்ந்தது."
பரிவா?
இத்தனை நாள் யார் மேல் பரிவு, டாக்டர்?
"பேர் வச்சவங்களைத்தான் கேக்கணும்" என்று சிரித்தார்.

இரண்டு வாரம் மாத்திரை, மூக்கடைப்பு.
உப்பு நிறையச் சாப்பிடச் சொன்னதும்
பிரஷர்காரனுக்கு உப்பா என்று
பக்கத்துக் கட்டில் பேர்ணாம்பட்டு பாய்
எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

மயக்க டாக்டர் பிற்பாடு சொன்னது:
கட்டியைத் தொட்டதும் இருநூற்று நாற்பது,
ரத்தக்குழாயைக் கட்டியதும் எழுபது.
லாரி இறங்கினால் எண் விழுமே, அப்படி.
என்ன எடை என்று கேட்டேன். தொழில் புத்தி.
எண்பத்தாறு கிராம்.
எங்கள் மேடைக்கு அது பூஜ்யம்.

வேலை திரும்பக் கிடைத்தது.
நோட்டைப் பற்றி முதலாளி வாய் திறக்கவில்லை, நானும்தான்.
மூன்று மாதம் நெஞ்சுக்குள்
வாடகைக்கு ஆள் வராத வீட்டின் அமைதி.

நேற்று இரவு இரண்டரைக்கு ஒரு டிப்பர்,
பாலாற்று மணல், தண்ணீர் சொட்டச் சொட்ட.
முப்பத்தொன்று தொள்ளாயிரம்.
"இருபதுன்னு போடு" என்று ஜன்னலில் ஒரு மோதிரக் கை.
அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

வந்தது.
அதே ஆலங்கட்டி, அதே ஈரச் சட்டை,
ஆனால் இந்த முறை எதிரே ஆள் இருந்தான்.
மிச்சமிருக்கிற குல்லா வேலை பார்க்கிறது.
அதைப் பிடித்துக்கொண்டே எழுதினேன்,
முப்பத்தொன்று தொள்ளாயிரம்.
எழுத்து கொஞ்சம் கோணல்.