பன்மை விகுதி

கார்வென் பேராலயத்தின் வடக்குச் சிறகில்,
பனி ஏறிய ஜன்னலோரம் என் மேஜை.
ஒரு கத்தி. ஒரு நுரைக்கல்.
தூளை ஒற்றியெடுக்கக் காய்ந்த ரொட்டித் துண்டு.

பழைய ஏடுகளில் 'தெய்வங்கள்' என்றிருந்தால்
'தெய்வம்' ஆக்க வேண்டும்.
நூறு விகுதிக்கு ஒன்பது செப்புக் காசு,
மெழுகுவர்த்தி என் கைச்செலவு.

ஆட்டுத்தோல் முரண்டு பிடிக்கும்.
முந்நூறு வருஷத்து மை
மயிர்க்கால் வரை இறங்கியிருக்கும்.
கொஞ்சம் அழுத்தினால் ஓட்டை,
ஓட்டைக்கு அபராதம்.

'குன்றுகள் நின்றன' என்றால் விட்டுவிடலாம்.
'குன்றுகள் கேட்டன' என்றால்
மேலிடத்துக்கு எழுதிப் போட வேண்டும்.
கேட்பது தெய்வ குணம்.

சேர்ந்த புதிதில்
'துகள்' என்ற சொல்லில் கத்தி வைத்துவிட்டேன்.
அது விகுதியில்லையடா, சொல்லின் உடம்பு என்று
அரை நாள் கூலியைப் பிடித்தார்கள்.

ஏகனை நாங்கள் 'அவன்' என்கிறோம்.
ஒருவன், இணையில்லாதவன்,
பன்மை பொறுக்காதவன்.
பேராயரை மட்டும் 'பேராயர் அவர்கள்'.
அந்தக் 'கள்'ளின்மேல் கத்தி படக் கூடாதென்று
தனியே ஒரு சுற்றறிக்கை இருக்கிறது.
இருபது வருஷம் கழித்துத்தான்
எனக்கு இதில் சிரிப்பு வந்தது.
அதுவும் கழிப்பறையில், தாழ் போட்டுக்கொண்டு.

ஆறு உறைந்து வண்டி போன வாரம்
பேராயர் ஒஸ்மரேன் அவர்கள் படுத்துவிட்டார்.
இறுதிச் சொற்களைப் பதிகிற எழுத்தனுக்கும்
அதே காய்ச்சல்.
கையெழுத்து நன்றாயிருக்கும் என்று
அழிக்கிறவனைக் கூப்பிட்டார்கள்.

கட்டிலைச் சுற்றி ஏழு குருமார், ஏழு மோதிரங்கள்.
நெற்றியைத் துடைத்தது தாதி தெஸ்ஸுன் மட்டும்.

உப்புத் தீவுகளில் படகு கழுவிய பையன் அவர் என்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.
முப்பது வருஷப் பிரசங்கக் குரல்
உதிர்ந்து போய்
வேறொரு குரல், மெல்லியது,
விட்டத்தைப் பார்த்துச் சொன்னது:
"அம்மாக்களே.
அலையின் அம்மாக்களே,
மூணு பேரும் வந்துவிட்டீர்களா?
இழுங்கள்."

ஏழு பேருக்கும் ஒரே சமயத்தில் இருமல்.
வெய்ரிக் குரு என் தோளருகே குனிந்தார்.
"'அம்மையே' என்றுதானே உன் காதில் விழுந்தது?"
"காது கொஞ்சம் மந்தம், ஐயா."
விழுந்தபடியே எழுதினேன்.
அவர் குனிந்து படிப்பதற்குள்
மை காயாத ஏட்டை மூடினேன்.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள்
அந்தப் பதிவேடு திருத்தத்துக்கு வந்தது.
வேறெங்கே போகும்? என் மேஜைக்குத்தான்.
கூடவே ஒரு சீட்டு:
*பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.
விகுதி நான்கு, எண் ஒன்று.*
கீழே கையெழுத்து,
பேராயர் வெய்ரிக் அவர்கள்.

வீரம் எதுவும் செய்யவில்லை.
வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.
கத்தியைத் தீட்டி நான்கையும் எடுத்தேன்,
எண்ணையும் எடுத்தேன்.
'அலையின் அம்மாவே, வந்துவிட்டாயா? இழு.'
குறை சொல்ல முடியாது, ஓசைகூட நன்றாயிருந்தது,
ஒருத்தியால் இழுக்க முடியாத படகு
என்பதைத் தவிர.

ஈர மையோடு மூடியதால்
எதிர்ப் பக்கத்தில் அத்தனையும்
இடவலம் மாறிப் படிந்திருந்தது,
தேநீர்க் கறை போல, மங்கலாக.
சீட்டில் அந்தப் பக்கம் இல்லை.
சீட்டில் இல்லாததைத் தொட எனக்கு அதிகாரமும் இல்லை.

தெஸ்ஸுனிடம் ஒரு கைக்கண்ணாடி உண்டு,
நோயாளிக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்க்க.
கேட்டால் தருவாள்.
இன்னும் கேட்கவில்லை.